குழாய் வைத்த வாளி

நவம்பரின் முதல் வியாழன்.
நன்றி சொல்லும் நாள் என்று
அரசாங்கமே எழுதிவைத்த விடுமுறை.
வங்கி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை,
டோட்டோட்டா சந்தையில் பாதிக் கடை இல்லை.
எங்கள் லுத்தரன் கோவிலில் மட்டும்
விடியும் முன்பே வேலை.

பீடத்தைச் சுற்றி
மரவள்ளிக் கிழங்கு, அன்னாசி, வாழைத்தார்,
கேன் கேனாய்ச் செம்பனை எண்ணெய்,
மலைநெல் அரிசி ஒரு மூட்டை,
காலைக் கட்டியும் அடங்காத ஒரு சேவல்.
ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு.
நான் பொருளாளன்.
கொடுத்தவர், பொருள், தொகை, வாங்கியவர் என்று
நான்கு கட்டம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கோர்ட்டோ கடைசியாக வந்தாள்.
தலையில் ஒரு வாளி.
வெள்ளைப் பிளாஸ்டிக், அடியில் நீலக் குழாய்.
எபோலா வருடத்தில்
வாசலுக்கு வாசல் நின்றதே, அதே வாளி.
குளோரின் வாடை இன்னும் போகவில்லை,
அல்லது என் மூக்கிலிருந்து போகவில்லை.
உள்ளே ஒன்றுமில்லை.
பூசணிக்கும் சேவலுக்கும் நடுவே வைத்துவிட்டுப்
பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

அவள் வீட்டில் ஐந்து பேர் படுத்தார்கள்.
எழுந்தவள் அவள் ஒருத்தி.
எதற்கு நன்றி என்று
யாரும் கேட்கவில்லை.
கோவில் முழுக்க அதுதான் கேட்டது.

போதகர் சுமோ நீளமாகப் பேசுகிறவர்.
அன்று கொஞ்சம்தான்:
"நிறைந்த களஞ்சியத்தைப் பார்த்து நன்றி சொல்ல
விசுவாசம் வேண்டாம், கண் போதும்.
நம் ஆண்டவர் அப்பத்தைக் கையில் எடுத்து
நன்றி சொன்னது
விடிந்தால் சாவு என்று தெரிந்த இரவில்.
காசு வாங்கியவன் அதே பந்தியில் இருந்தான்.
அதுவும் ஒரு வியாழக்கிழமை."
உட்கார்ந்துவிட்டார்.

ஏலம் விடுவது யார்க்பவோலோ.
லாரி ஓட்டியவர், ஹாரன் தேவைப்படாத தொண்டை.
அன்னாசி போனது, எண்ணெய் போனது,
சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு
தானாகவே போனது.
வாளியைத் தூக்கியதும்
அவர் குரல் அடைத்துக்கொண்டது.
"ஒரு தரம்" என்றார்,
யாரும் விலை கேட்காமலே.

டோக்பா கை தூக்கினான்.
பிணம் புதைக்கும் குழுவில் இருந்தவன்.
இரண்டு வருடமாக அவன் பெஞ்சில்
அவன் மட்டும்.
நூறு டாலர் என்றான், கொடுத்தான்,
வாளியை வாங்கிப்
பீடத்திலேயே திரும்ப வைத்தான்.
"மறுபடியும் விடுங்கள்."
நர்ஸ் லோர்ப்பு இருநூறு.
அவளும் திரும்ப வைத்தாள்.
அப்புறம் மரம் அறுக்கிற சகோதரர்கள், அப்புறம்
இந்தக் கோவிலைச் சேராத ஒரு மண்ணெண்ணெய் வியாபாரி.
ஒரே வாளி ஏழு முறை விற்றது.
என் நான்கு கட்டத்தில் அது அடங்கவில்லை:
பொருள் ஒன்று, வாங்கியவர் ஏழு,
எடுத்துப்போனவர் எவருமில்லை.

நான் ஏலம் கேட்கவில்லை.

அந்த வருட டிசம்பரில்
கோர்ட்டோ சந்தா கட்ட வந்திருந்தாள்.
குணமான சான்றிதழை முதலில் காட்டினாள்.
நோட்டை இடுக்கியால் வாங்கினேன்.
கல்லை ஏற்றி மூன்று நாள் வெயிலில் வைத்தேன்.
ரசீதைத் தரையில் போட்டுக்
காலால் தள்ளினேன்.
குனிந்து எடுத்துக்கொண்டு
நன்றி ஐயா என்றாள்.
பந்தியில் இருந்தவனுக்கு
அந்த அப்பம் எப்படித் தொண்டையில் இறங்கியது என்று
எனக்குத் தெரியும்.

மாலையில் நாற்காலிகளை அடுக்கும் நேரம்
ரசீதுக்கு வந்தாள்.
"எத்தனை?"
"ஏழு."
சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை,
நான் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுந்து நின்று
கையில் கொடுத்தேன்.
அவள் என் கையை விடவில்லை.

எங்கள் நாட்டில் கைகுலுக்கல்
ஒரு சொடுக்கில் முடியும்,
இரண்டு பேர் நடுவிரலும் உரசி.
காய்ச்சலோடு நின்றுபோன பழக்கம்.
மற்றவர்களுக்கு எப்போதோ திரும்பிவிட்டது.
என் விரல் வழுக்கியது.
சத்தம் வரவில்லை.

"இன்னொரு தரம்" என்றாள்.